ஜெனரேட்டர் காலம்
முதலிபாளையம் சிட்கோவில் வயரிங் வேலை எனக்கு. 1932-இல் தொடங்கிய பைக்காரா நீர்மின்சாரம்தான் கொங்கு ஆலைகளை ஓட வைத்தது என்பார்கள் பெரியவர்கள். நான் பார்த்தது வேறு காலம். 2008-க்குப் பிறகு மின்வெட்டு கூடிக்கொண்டே போனது. 2012-இல் பல ஊர்களில் பாதி நாள் கரண்ட் இல்லை. பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரை நம்பின.

கோளாறுகளும் புதிதாக வந்தன. இணைப்பில் இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கும். மெஷின் போர்டு புகையும். ஆகவே மெயினை அணைத்து, முதலில் நியூட்ரலைத்தான் முடுக்குவோம்.

2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் தென்னகத்தைத் தேசிய மின்தொகுப்போடு சேர்த்தது. பிறகு வெட்டு மெல்லக் குறைந்தது. இப்போது ஜெனரேட்டருக்குப் பராமரிப்பு நாளில்தான் பெரிய வேலை.