ஜாமீனும் ஒப்பந்தமும்

மாணவர்களே, சரித்திரம் என்றவுடன் போர்க்களங்களையும் பட்டாபிஷேகங்களையும் நினைப்பது நம் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைவிட மிகச் சாதாரணமானது. அரசாங்கம் ஒரு கட்டடம் கட்டுகிறது. அந்த வேலை யாருக்குப் போகிறது? வரி எல்லோரும் கட்டுகிறார்கள். அந்தப் பணம் கூலியாகவும் இலாபமாகவும் திரும்பும்போது யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தக் கேள்வி நகரசபையில் தொடங்கி சுப்ரீம் கோர்ட்டு வரை சென்ற வரலாற்றைச் சொல்கிறேன்.

டெண்டர் முறை பார்வைக்கு நியாயமானது. முத்திரையிட்ட உறைகள் வருகின்றன. குறித்த நேரத்தில் பிரிக்கிறார்கள். குறைந்த விலை கூறியவருக்கு வேலை. உறைக்குள் இருக்கும் கடிதத்துக்கு நிறமேது? ஆனால் உறையை அனுப்புவதற்கு முன்பே கடக்கவேண்டிய படிகள் உண்டு. அவற்றுள் உயரமானது ஜாமீன். 1935-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய மில்லர் சட்டத்தின்படி, மத்திய அரசின் கட்டட வேலையை எடுப்பவர், அதை முடித்துக் கொடுப்பதற்கும், கூலியும் சரக்கு விலையும் ஒழுங்காகத் தருவதற்கும், ஜாமீன் நிறுவனம் ஒன்றின் உறுதிப் பத்திரம் காட்டவேண்டும். மாநிலங்களும் அவ்வாறே சட்டம் செய்தன. தவறான சட்டமன்று, பாதியில் வேலையை விட்டு ஓடுபவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. எனினும் ஜாமீன் நிறுவனம் என்ன கேட்கும்? சொத்து எவ்வளவு, வங்கிக் கடன் உண்டா, இதற்கு முன் எத்தனை பெரிய வேலை செய்தீர் என்று கேட்கும். முன்னே வேலை கிடைத்தவருக்கே பின்னும் வேலை. தலைமுறை தலைமுறையாக வங்கிக் கடனும் தொழிற்சங்க அனுமதியும் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் இந்தப் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஊரில் இதை நேரில் கண்டேன். பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்ட டெண்டர் வந்தது. சுற்று வட்டாரத்தில் நல்ல சுவர் எழுப்பத் தெரிந்த கொத்தனார் ஒருவர் மனுவைக்கூட வாங்கவில்லை. “முன்வைப்புத் தொகைக்கு எங்கே போவேன், ஐயா?” என்றார். இந்திய அரசு 2012-இல் தன் கொள்முதல் ஆணையில் குறு, சிறு தொழில்களுக்கு இத்தொகையிலிருந்து விலக்கு அளித்தபோது எனக்கு அவர் முகந்தான் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவுக்கு வருவோம். 1969-இல் ஜனாதிபதி நிக்சன் சிறுபான்மையினர் தொழில்களுக்கென ஓர் அலுவலகம் அமைத்தார். 1977-இல் மேரிலாந்து உறுப்பினர் பாரன் மிட்செல் முயற்சியால், 400 கோடி டாலர் பொதுப்பணித் திட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குச் செல்லவேண்டும் என்று சட்டமாயிற்று. 1980-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்றது.

ஆனால் ஏட்டில் எழுதியது செங்கல்லாக மாறியதைக் காண அட்லாண்டா நகருக்குச் செல்லவேண்டும். 1973-இல் மேனார்டு ஜாக்சன் என்ற 35 வயது இளைஞர், அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது நகரசபை ஒப்பந்தங்களில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் கறுப்பினத்தாரிடம் இல்லை. புதிய விமான நிலையம் கட்டவேண்டிய வேளை அது. கால் பங்கு வேலை சிறுபான்மையினருக்கு என்றார் ஜாக்சன். முதலாளிகள் சீறினர். ஓடுபாதையில் புல் முளைத்தாலும் சரி, பழைய முறையில் கட்டமாட்டேன் என்று அவர் அசையாமல் இருந்தார். அவர் கண்ட வழி கூட்டு ஒப்பந்தம். பெரிய நிறுவனம் சிறிய நிறுவனத்தைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறியவருக்கு அதனால் அனுபவம் வந்தது. அனுபவம் வந்தபின் ஜாமீனும் எட்டியது. நிலையம் 1980 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயரில் ஜாக்சன் பெயரும் சேர்ந்திருக்கிறது.

களங்கம் இல்லாமல் இல்லை. நம் ஊர்ப் பினாமி அங்கும் உண்டு. நியூயார்க்கில் வெட்டெக் என்ற நிறுவனம், பங்கு யாருடையது என்பதில் பொய்க்கணக்குக் காட்டி இராணுவ ஒப்பந்தங்களைப் பெற்று, 1986-இல் திவாலாயிற்று.

அடுத்தது ரிச்மண்டு. உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென் மாநிலங்களின் தலைநகரம் அது. மக்களில் பாதிப்பேர் கறுப்பினத்தார். ஐந்தாண்டு கட்டட ஒப்பந்தங்களில் அவர்களுடைய பங்கோ நூற்றுக்கு 0.67. நகரசபை 1983-இல் ஒரு விதி செய்தது: ஒப்பந்தம் எடுப்பவர் அதன் மதிப்பில் 30 சதவீத வேலையைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். அவ்வாண்டே நகரச் சிறைச்சாலைக்குக் கழிப்பறைச் சாதனங்கள் பொருத்தும் டெண்டர் வந்தது. குரோசன் என்ற நிறுவனம் மட்டுமே விலை கூறியது. உள்ளூர்ச் சிறுபான்மை வியாபாரி ஒருவர் சாதனங்களை வாங்கித் தர முன்வந்தார். ஒரு சரக்கு நிறுவனம் அவருக்கு விலை சொல்லவே மறுத்தது. மற்றொன்று, அவருடைய கடன் நாணயத்தை விசாரிக்கக் குறைந்தது 30 நாள் வேண்டும் என்றது. டெண்டர் 30 நாள் காத்திருக்குமா? வழக்கு சுப்ரீம் கோர்ட்டை அடைந்தது. 1989 ஜனவரியில் ஆறு நீதிபதிகள் நகரசபைக்கு எதிராகவும் மூவர் ஆதரவாகவும் தீர்ப்பளித்தனர். நகர மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் போதாது, தகுதியுள்ள நிறுவனங்கள் எத்தனை என்று எண்ணிக் காட்டியிருக்கவேண்டும் என்றது கோர்ட்டு. ரிச்மண்டில் இருந்ததற்கே சான்றில்லாத எஸ்கிமோ மக்களையும் பட்டியலில் சேர்த்ததை நீதிபதி ஓ’கானர் சுட்டிக்காட்டினார். நகரசபை தன் வேலையை அவசரத்தில் செய்தது என்பதற்கு இது நல்ல அடையாளம் என்பது என் கருத்து. ஆனால் அதே தீர்ப்பில் அவர் வேறு வழிகளையும் கூறினார்: டெண்டர் முறையை எளிதாக்கலாம், ஜாமீன் நிபந்தனைகளைத் தளர்த்தலாம், எந்த இனத்தவராயினும் சிறு முதலாளிகளுக்குப் பயிற்சியும் பண உதவியும் தரலாம். மாறுபட்டு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், இத்தீர்ப்பு நாட்டைப் பின்னுக்கு இழுக்கிறது என்று வருந்தினார். இரு தரப்பு வாதங்களையும் நான் படித்தேன். பூட்டு எங்கே இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் பெரிய வேற்றுமையைக் காணவில்லை. சாவியைப் பற்றித்தான் சண்டை.

அதன்பின் நகரங்கள் கணக்கெடுக்கத் தொடங்கின. எத்தனை நிறுவனங்கள், எத்தனை ஒப்பந்தங்கள், எவ்வளவு பணம் என்று பெரும் தொகுதிகளாக அறிக்கைகள் வெளியாயின. வருங்காலச் சரித்திர மாணவனுக்கு அவை புதையல். 2023-இல் டென்னசி மாநிலத்து மத்திய நீதிமன்றம் ஒன்று, குறிப்பிட்ட இனத்தவர் என்பதாலேயே ஒருவரைப் பின்தங்கியவராகக் கொள்ளலாகாது என்றது. அவ்வாறு மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்திருந்த சிறு முதலாளிகள், தம் வாழ்க்கையில் எப்போது, எங்கே, யாரால் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதைத் தாமே விவரமாக எழுதித் தரவேண்டியதாயிற்று.