கேட்டதும் வந்ததும்



ஓரிடத்துக் கணிப்பொறியிலிருந்து மற்றோரிடத்துக் கணிப்பொறிக்குக் கோப்புகளைப் படியெடுத்துக் கொணரும் கருவிகள் சில உண்டு. அவற்றின் வரலாற்றில் ஒரு சிறு குறை முப்பத்தாறு ஆண்டுகள் உயிர்வாழ்ந்த கதையை இன்று சொல்ல விழைகிறேன்.

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்னும் யூனிக்ஸ் தொகுப்பில் ஆர்.சி.பி. என்ற கருவி இடம்பெற்றது. இன்ன பொறியிலிருந்து வருபவர் நம்மவர் என்று ஒரு பட்டியலில் எழுதிவைத்தால் போதும். கடவுச்சொல் கேளாமலே கோப்பைக் கொடுத்துவிடும். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர் சிலரே வலையில் இருந்த காலம் அது; அவ்வேற்பாட்டை நான் பழிக்கமாட்டேன். ஆயினும் 1988 நவம்பர் 2ஆம் நாள் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிய புழு நிரல், பிற வழிகளோடு இத்தகைய நம்பிக்கைப் பட்டியல்களையும் பற்றிக்கொண்டு பொறிக்குப் பொறி தாவியது.

1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ கடவுச்சொற்களைக் களவாகப் பிடித்தனர். அங்கிருந்த தாத்து யிலோனன் அதே ஆண்டில் எஸ்.எஸ்.எச். முறையை இயற்றினார். செய்தி மறைகுறியாகச் சென்றது. எதிர்முனைப் பொறி யாதென்பதும் சரிபார்க்கப்பட்டது. ஆர்.சி.பி.யின் வழித்தோன்றலான எஸ்.சி.பி. இப்பாதையில் ஓடலாயிற்று. பாதை புதிது, அதனுள் நடந்த உரையாடலோ 1983ஆம் ஆண்டினது.

அவ்வுரையாடலைச் சற்று விளக்குவேன். நம் பொறி ஒரு கோப்பைக் கேட்கிறது. எதிர்முனைப் பொறி, "பெயர் இது, அளவு இது" என்று தானே அறிவித்து அனுப்புகிறது. நம் பொறி, தான் கேட்ட பெயரை நினையாது, வந்த பெயரிலேயே எழுதிக்கொள்கிறது! பள்ளிக்கு வந்த பொருள்களைக் கேட்புப் பட்டியலோடு ஒப்பிடாமல் எந்த எழுத்தரும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றமாட்டார். அங்ஙனம் ஒப்பிடாமைக்கு ஒரு காரணமும் உண்டு. பெயரை முழுதும் எழுதாமல் நட்சத்திரக் குறியிட்டு, இவ்வகைக் கோப்பெல்லாம் வருக எனக் கேட்கலாம். அக்குறிக்குப் பொருள் கண்டது எதிர்முனைப் பொறியே. ஆதலின், எவையெவை வரவேண்டும் என்பதைக் கேட்ட பொறியே அறியாது.

எஃப்-செக்யூர் நிறுவனத்தைச் சார்ந்த ஹாரி சிந்தோனன் 2019 ஜனவரியில் இதனை வெளிப்படுத்தினார். பகைவன் வசப்பட்ட பொறி, கேட்ட கோப்போடு கட்டளைக் கோப்பொன்றையும் நம் கோப்புறையில் நுழைத்துவிடலாம். அடுத்த முறை நாம் உள்நுழையும்போது அது தானே இயங்கக்கூடும். அப்பெயர் நம் திரையில் தோன்றாதபடி மறைத்தலும் இயலும் என்றார்.

நிற்க. 2019 ஏப்ரலில் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 8.0 பதிப்பு, வந்த பெயரைக் கேட்ட பெயரோடு ஒப்பிடலாயிற்று. நட்சத்திரக் குறிக்கு இரு முனைகளும் வெவ்வேறு பொருள் கண்டால் நல்ல கோப்பும் தள்ளுண்ணும். ஆகவே ஒப்பீட்டை நிறுத்தவும் வழிவைத்தனர். இதனை அரைகுறை மருத்துவம் என்றே சொல்வேன். 2022 ஏப்ரலில் வந்த 9.0 பதிப்பு, இயல்பு நிலையில் பழைய உரையாடலைக் கைவிட்டு எஸ்.எஃப்.டி.பி. முறைக்கு மாறியது. இதில் குறிக்குப் பொருள் காண்பது நம் பொறியே.

பழையதற்கு மாற்றாக அவர்கள் 2019இலேயே பரிந்துரைத்தவற்றுள் ஒன்று, 1996இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரஸும் வெளியிட்ட ஆர்சிங்க். கேளாத கோப்பை எதிர்முனைப் பொறி எழுதிவிடும் அதே குறை அதிலும் காணப்பட்டு, 2022 ஆகஸ்டில் 3.2.5 பதிப்பில் திருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் வந்த 3.4.0 பதிப்பு மேலும் ஆறு குறைகளை நீக்கிற்று. அவற்றுள் ஒன்று, நாம் குறித்த கோப்புறைக்கு வெளியேயும் எதிர்முனைப் பொறி எழுதக்கூடும் என்பது.