அச்சும் திரையும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடக்கும் தமிழர் ஒரு செய்தியை நினைவிற் கொள்ளல் நன்று. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிற்று. மறு ஆண்டிலேயே இக்கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் தமிழ் நூல் வெளிவந்தது. ஆசானும் மாணாக்கனும் வினாவி விடைகூறும் முறையில் அமைந்த அந்நூலைப் போர்த்துகீசியத்திலிருந்து தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார். கடல் கடந்து வந்த அச்சுப்பொறி, கற்போரின் மொழியைப் பேசிய பின்னரே இங்குப் பயன் தந்தது.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அவ்வுண்மை மாறவில்லை. 2020-இல் பெருந்தொற்றுப் பள்ளிகளை மூடியபோது, ஜூன் 1-ஆம் நாள் கேரள அரசு ‘விக்டர்ஸ்’ தொலைக்காட்சி வாயிலாக ‘ஃபர்ஸ்ட் பெல்’ பாடங்களைத் தொடங்கிற்று. 2005-இல் அப்துல் கலாம் அவர்கள் தொடங்கிவைத்த அலைவரிசை அது. மலையாளப் பாடங்களோடு தமிழ்வழிப் பாடங்களும் இணையத்தில் ஏற்றப்பெற்றன. தொலைக்காட்சியில்லா வீட்டுப் பிள்ளைகளுக்காக நூலகங்கள் முதலிய பொதுவிடங்களில் திரைகள் அமைக்கப்பெற்றன.

அன்று அச்சுக்கு வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர்; இன்று திரைக்கு வேண்டியவர் பிள்ளையின் மொழியறிந்த ஆசிரியர். வெளிமாநிலத்தில் வாழும் நாம் பிள்ளைகள் கையில் கருவியைக் கொடுக்கும்போது, அதில் தமிழும் உண்டா என்று பார்த்துக் கொடுப்போமாக!