கீரியை நம்பிய தீவு

கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்து, கடைசிவரை சண்டையே விடாமல் தாயத்து விற்றுவிட்டுப் போகும் வித்தைக்காரர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கடல் கடந்து ஜப்பானில், படித்தவர்களே அந்தச் சண்டையை நம்பினார்கள். அடிபட்டது ஒரு முயல்.

கியூஷுவுக்கும் ஒகினாவாவுக்கும் நடுவே அமாமி ஓஷிமா, தொகுனோஷிமா என்று இரண்டு தீவுகள். அமாமி முயலுக்கு உலகில் வேறு இடமில்லை. கருத்த உடம்பு, குட்டைக் காது, குட்டைக் கால், மண் தோண்ட வலுவான நகம். தாய் முயல் தனி வளை தோண்டிக் குட்டியை உள்ளே விட்டு, வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் போகும். இரண்டு இரவுக்கு ஒருமுறை வந்து திறந்து, பால் கொடுத்து, மறுபடி மூடும். ஹபு என்ற நச்சுப் பாம்புக்கான முன்னெச்சரிக்கை இது என்றே எனக்குப் படுகிறது. தீவில் முயலைத் தின்னும் பாலூட்டி எதுவும் அன்று கிடையாது.

தீவு மக்கள் இறைச்சிக்கும் மருந்துக்கும் இதை வேட்டையாடி வந்தார்கள். 1896இல் அமெரிக்கர்கள் ஃபர்னஸும் ஹில்லரும் இதன் உடல்களைச் சேகரித்துப் போக, 1900இல் விட்மர் ஸ்டோன் அறிவியல் பெயர் சூட்டினார். 1921இல் ஜப்பான் இதை இயற்கைச் சின்னமாக அறிவித்ததும் வேட்டைக்குத் தடை வந்தது.

இதற்கிடையே 1910இல், வத்தாசே ஷோசாபுரோ என்ற விலங்கியல் பேராசிரியர் கங்கை முகத்துவாரத்திலிருந்து கீரிகளைக் கொண்டுவந்து ஒகினாவாவில் விட்டார். ஹபுவையும் எலியையும் ஒழிக்கத்தான். இந்தத் தீவுகளின் உயிரினங்கள் வடக்கே உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை என்று காட்டும் எல்லைக்கோட்டுக்கு இன்று அவர் பெயர்தான். அவரே இப்படிச் செய்தாரே!

1979இல் ஏறத்தாழ 30 கீரிகள் அமாமிக்கும் வந்தன. கீரி பகலில் அலையும். ஹபு இரவில் வெளிவரும். இரண்டும் சந்தித்தால்தானே சண்டை? பகலில் வளையில் படுத்திருந்த முயல் சிக்கியது. 2000 வாக்கில் கீரிகள் 10,000 ஆகிவிட்டன என்று கணக்கிட்டார்கள். 2003 மதிப்பீட்டில் அமாமி ஓஷிமாவின் முயல்கள் 2,000 முதல் 4,800 வரைதான்.

2005இல் கீரி பிடிக்கவென்றே ஒரு படை அமைத்து, பொறி வைத்தும் மோப்ப நாய் விட்டும் காடு முழுக்கத் துழாவினார்கள். கடைசிக் கீரி பிடிபட்டது 2018 ஏப்ரலில். பிறகும் ஆறு வருடம் கண்காணித்து, 2024 செப்டம்பரில்தான் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

முயல் பெருகிவிட்டது. அமாமியில் ஆரஞ்சு மரப்பட்டையையும் தொகுனோஷிமாவில் கரும்பையும் கடிக்கிறது. விவசாயிகள் வலை கட்டுகிறார்கள்.