ஆளுமை வகையும் விருப்ப ஒற்றுமையும்

ஒரே ஆளுமை வகையில் சேர்க்கப்பட்டவர்கள் ரசனையிலும் நடத்தையிலும் ஒத்திருப்பார்களா என்பது உளவியலில் நெடுங்காலமாக ஆராயப்படும் கேள்வி. ஓரளவு ஒத்திருப்பார்கள், ஆனால் அதைக் கணிக்க வகைப்பெயரைவிட மதிப்பெண்ணே உதவும் என்பது ஆய்வுகளின் போக்கு.

இவ்வகைப்பாடுகளில் பெயர்பெற்றது மையர்ஸ்–பிரிக்ஸ் தேர்வு. கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலை அடியொற்றி, அமெரிக்கர்களான கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்கள் அல்லர். அகமுகமா புறமுகமா, சிந்தனையா உணர்ச்சியா என்பன போன்ற நான்கு இரட்டைகளின் சேர்க்கையில் 16 வகைகள் கிடைக்கின்றன.

சிக்கல், ஒவ்வோர் இரட்டையையும் பிரிக்கக் கோடு போடும் இடத்தில் இருக்கிறது. மதிப்பெண்களை வரைபடமாக்கினால் இரண்டு குன்றுகள் தெரிவதில்லை; நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் ஒரே குன்றுதான். கூட்டம் மிகுந்த அந்த நடுவில்தான் கோடும் விழுகிறது. கோட்டின் இருபுறமும் ஒட்டி நிற்பவர்கள் ஏறக்குறைய ஒரே சுபாவக்காரர்கள், பெயர்தான் எதிரெதிர். மாறாக, வாய் ஓயாதவரும் எப்போதாவது கலகலப்பவரும் ‘புறமுகர்’ என்ற ஒரே கூடைக்குள் கிடப்பர். ஐந்து வாரம் கழித்து மறுபடி தேர்வெழுதியவர்களில் பாதிப் பேர் வரை வேறு வகைக்கு மாறியதை டேவிட் பிட்டெங்கர் 1993இல் எடுத்துக்காட்டினார்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் நம்புவது, வகை பிரிக்காமல் அளவாக மதிப்பிடும் ஐந்து காரணி முறையை. 2002இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், அந்த ஐந்தில் ஒன்றான புதியதை ஏற்கும் மனப்பாங்குக்கும் கலை ஆர்வத்துக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.48. இத்துறையில் இது பெரிய எண். ஆனாலும் கலை ஆர்வ வேறுபாட்டில் கால் பங்குக்கும் குறைவையே இது விளக்கும். நடத்தையைக் கணிப்பது இன்னும் கடினம். பண்பு மதிப்பெண்ணுக்கும் ஒரு சூழலில் ஒருவர் செய்யும் செயலுக்கும் உள்ள தொடர்பு 0.30ஐத் தாண்டுவது அரிது என்று வால்டர் மிஷெல் 1968இல் வாதிட்டார். ஒரு நாள் நடத்தையை விட்டுவிட்டுப் பல நாள் சராசரியைப் பார்த்தால் தொடர்பு வலுப்படும் என்று பின்னர் செய்மூர் எப்ஸ்டைன் காட்டினார்.

ஒரே வகையினர் தம் ஒற்றுமை கண்டு வியப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விருந்துக்குப் போகப் பிடிக்குமா என்று கேட்டுத்தான் ஒருவரைப் புறமுகர் என்கிறோம். அப்புறம் புறமுகர்களுக்கு விருந்து பிடிக்கிறது என்று கண்டறிவதில் புதுமை ஏது? எல்லோருக்கும் பொருந்தும் வர்ணனையைத் தனக்கே எழுதியதாக நம்பும் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. பெர்ட்ராம் ஃபோரர் 1948இல் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகளையே 39 மாணவர்களுக்கும் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் அளித்த சராசரி, 5க்கு 4.26.

தேர்வே எழுதாமல் வகை பிரிப்பதும் உண்டு: ஜப்பானில் இரத்த வகையே ஆளுமையைச் சொல்லும் என்ற நம்பிக்கை பரவலானது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 10,000க்கும் மேற்பட்டோரின் விடைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், 68 கேள்விகளில் 65இல் இரத்த வகைகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மீண்டும் மையர்ஸ்–பிரிக்ஸ் தேர்வுக்கு வந்தால், அதை வேலைக்கு ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே அறிவித்திருக்கிறது.