கண்மாய்ச் சங்கிலியும் புறநகர் விரிவும்: திருப்பரங்குன்றத்தை முன்வைத்து

நகர் விரிவால் நேரும் சூழல் கேடு என்றதும் நீர்நிலை ஆக்கிரமிப்பைச் சுட்டுவது நம் வழக்கம். 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாகி, ஏறத்தாழ 52 சதுர கி.மீ. பரப்பு 148 சதுர கி.மீ. ஆனபோது திருப்பரங்குன்றம், திருநகர், ஹார்விபட்டி, அவனியாபுரம் ஆகியவை நகருக்குள் வந்தன. இப்பகுதியின் நீரோட்டத்தை ஆராய்ந்தால், ஆக்கிரமிப்பு என்ற சொல்லுக்குள் அடங்காத கேடு ஒன்று புலப்படுகிறது. பட்டா நிலத்தில் முறையாக அனுமதி பெற்று எழும் வீட்டுமனைகளும் கண்மாய்களின் தொடர்பை அறுத்துவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மதுரைச் சமவெளியின் ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. அடியில் இருப்பதோ கடினப்பாறை. மேலே சிதைந்த பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நிலத்தடி நீர் தங்கும். சில வாரங்களில் கொட்டித் தீரும் மழையை ஆண்டு முழுவதற்கும் தேக்கவே கண்மாய்கள் அமைந்தன. வைகை நீர் நிலையூர்க் கால்வாய் வழியாகக் குன்றத்தின் அருகிலுள்ள தென்கால் கண்மாயை அடைகிறது. கண்மாய் நீர் மடை வழியே வயலுக்குப் போகும். வயலின் கசிவு கிணற்றில் ஊறும். மிகுதி மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாயைச் சேரும். வரத்துக்கால், மறுகால், ஆயக்கட்டு மூன்றும் சேர்ந்ததே கண்மாய்.

நஞ்சை மனையாகும்போது முதலில் அழிவது வரப்பு. ஒரு ஹெக்டேரில் 100 மி.மீ. மழை பெய்தால் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். வரப்பு கட்டிய வயல் அதில் பெரும்பகுதியைத் தேக்கி ஊறவிடும். கூரையும் சிமெண்டுத் தரையும் உடனே தெருவுக்குத் தள்ளிவிடும். கிராவல் கொட்டி மனையை உயர்த்துபவர் தண்ணீரைப் பக்கத்து மனைக்குத் திருப்புகிறார். வயல் வாய்க்கால் சாக்கடையாகிறது. அந்தக் கழிவு சேரும் கண்மாயில் ஆகாயத்தாமரை மண்டுகிறது. ஆயக்கட்டு விவசாயி மறைந்தால் மடையைப் பார்க்கவும் வாய்க்காலைத் தூர்வாரவும் உரிமையோடு வர ஆளில்லை. நகரின் வடபகுதியில் இதன் முடிவைக் காணலாம்: 2024 அக்டோபர் 25 அன்று பெய்த கனமழையில் செல்லூர்ப் பகுதி வெள்ளத்தில் மிதந்தது.

கண்மாய்களின் சரிவு நகர் விரிவுக்கு முன்பே தொடங்கியது என்பது ஒரு மறுப்பு. வண்டல் படிந்ததும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் உண்மைதான். ஆனால் வண்டலை அள்ளலாம். மனையாகிவிட்ட வாய்க்காலை மீட்பது அரிது. குடிநீர் வைகை அணையிலிருந்து வருகிறதே, பாசனம் போனபின் கண்மாய் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. அணை குடிநீர் தரும். தெருவில் நிற்கும் மழைநீரை வடிக்கவோ வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் நீர் ஊறச்செய்யவோ அதனால் இயலாது. பாசனம் முடிந்த இடத்திலும் கண்மாயின் வேலை முடிவதில்லை. பெருகும் மக்களுக்கு வீடு வேண்டும் என்பது வலுவான வாதம். ஆனால் தாழ்நிலத்தில் கட்டிய வீட்டின் வெள்ளச் சுமையும் அதே மக்கள் தலையில்தான் விடிகிறது.

தோப்பூர்–உச்சப்பட்டி துணைக்கோள் நகரமும் எய்ம்ஸ் மருத்துவமனையும் வளர்ச்சியை மேலும் தெற்கே இழுக்கின்றன. எனவே மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன், மறுகால் அடுத்த கண்மாயைச் சேரும் வரையிலான முழு வழியையும் அளந்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். வயல் வாய்க்கால்களைக் கழிவுநீர் கலக்காத மழைநீர் வழிகளாகக் காக்க வேண்டும். கரையை மட்டும் காத்து வழிகளை விற்கும் நகரத்தில் கண்மாய் பிழைக்காது.