வலி தணிக்க வந்த செவிலி



வரலாறு என்றவுடன் முடிமன்னர்களும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும், நோயாளியின் கட்டிலருகே ஓசையின்றி நிகழ்ந்த மாறுதல்களுக்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்தில் செவிலியாகத் தொண்டு தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் வாழ்க்கையைக் கொண்டு அத்தகைய வரலாறு ஒன்றை உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அம்மையார் 1918 ஆம் ஆண்டில், லண்டன் நகரை அடுத்த பார்னெட்டில், வசதி மிக்க குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்றுகொண்டிருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. போர்க்காலத்தில் நூல்களைப் புரட்டிக்கொண்டிருக்க அவர் மனம் இசையவில்லை. 1940 இல் படிப்பை நிறுத்தி, நைட்டிங்கேல் அம்மையார் நிறுவிய செவிலியர் பள்ளியிற் சேர்ந்து, 1944 இல் தேர்ச்சி பெற்றார். ஆனால் ஓயாத முதுகுவலி அப்பணியைத் தொடர விடவில்லை. அவர் மனம் தளரவில்லை. நோயாளரின் குடும்ப நலனையும் பொருள் முடையையும் கவனிக்கும் சமூகப் பணியாளராகப் பயிற்சி பெற்று, மீண்டும் மருத்துவமனைக்கே வந்தார்.

அக்காலத்தில் புற்றுநோய் முற்றியவர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறி மருத்துவர் அகன்றுவிடுவார். வலி தணிக்கும் மருந்து இல்லாமலில்லை. அபினிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்பின் நெடுங்காலமாகவே வழக்கில் இருந்தது. ஆயினும், நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவாரோ என்ற அச்சத்தால், வலி பொறுக்காமல் அவர் வருந்தி அழைத்த பின்னரே அதனைக் கொடுத்தனர். ஒருவேளை மருந்தின் ஆற்றல் தீர்ந்து மறுவேளை மருந்து வருமட்டும் நோயாளி துடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்நிலையில் அம்மையார் டேவிட் டாஸ்மா என்பவரைச் சந்தித்தார். போலந்து நாட்டின் வார்சா நகரிலிருந்து வந்த யூதர் அவர்; லண்டனில் உணவுச்சாலையில் பணியாற்றியவர். உற்றார் உறவினர் அருகிலின்றி, நாற்பது வயதளவில் புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்தார். அம்மையார் அடிக்கடி சென்று அவரருகே அமர்ந்து உரையாடினார். வலியின்றி, மதிப்போடு இறுதி நாள்களைக் கழிக்க ஓர் இல்லம் வேண்டுமென்ற எண்ணம் அவ்வுரையாடல்களில் முளைத்தது. அம்மையாரின் அறிவிலும் நெஞ்சிலும் உள்ளதையே தாம் வேண்டுவதாக டாஸ்மா ஒருமுறை கூறினாராம். 1948 இல் அவர் மறைந்தபோது, அந்த இல்லத்தில் ஒரு சாளரமாகத் தாம் இருப்பதாகச் சொல்லி, 500 பவுன் விட்டுச் சென்றார்.

நெஞ்சில் உள்ளதை அம்மையார் முன்னரே வழங்கிக்கொண்டிருந்தார். அறிவில் உள்ளதை இனித்தான் தேட வேண்டியிருந்தது. மாலை வேளைகளில் செயின்ட் லூக்ஸ் என்னும் இல்லத்தில் ஊதியமின்றிச் செவிலியாகப் பணியாற்றினார். அங்கே நோயாளி கேட்குமுன், வலி தலைதூக்குமுன், குறித்த வேளைதோறும் மருந்து கொடுத்தனர். நோயாளர் மயங்கிக் கிடக்கவில்லை, அமைதியாகப் பேசிக்கொண்டிருந்தனர். இக்காட்சி அவர் சிந்தனையைத் தூண்டிற்று. மருத்துவர்களைத் திருத்த வேண்டுமாயின் மருத்துவராகவே ஆக வேண்டும் என்று அறுவை மருத்துவர் ஒருவர் அறிவுரை கூறினார். அதனை ஏற்று, 33 ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1957 இல் பட்டம் பெற்றார்.

மதிப்பெண் மிகுந்த பிள்ளை மருத்துவனாகட்டும், மனம் இளகிய பெண் செவிலியாகட்டும் என்று பெற்றோர் பிரித்துப் பேசுவதை என் ஆசிரியப் பணிக்காலத்தில் பன்முறை கேட்டிருக்கிறேன். அறிவுக்கும் இரக்கத்துக்கும் இடையே இவ்வாறு சுவர் எழுப்புவோருக்கு அம்மையாரின் வாழ்க்கையே தக்க விடை. இரங்கியதால் அவர் கற்றார். கற்றதால் அவர் இரக்கம் பயன் தந்தது.

1958 முதல், கன்னியர் நடத்திவந்த செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் அவர் ஆராய்ச்சி மேற்கொண்டார். வேளை தவறாமல் மருந்து கொடுத்து, ஒவ்வொருவர் நிலையையும் குறித்து வைத்தார். அஞ்சியவாறு நோயாளர் மருந்துக்கு அடிமையாகிவிடவில்லை என்பதை அக்குறிப்புகள் காட்டின. உடல் நோவோடு மனக்கலக்கம், குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய ஏக்கம் ஆகியவையும் கலந்ததே நோயாளியின் வேதனை என்று கண்டு, அதனை முழு வேதனை என்றார். மாத்திரையோடு, செவிசாய்த்துக் கேட்பாரும் தேவை என்பது இதன் கருத்து.

1967 இல் லண்டனின் சிடன்ஹாம் பகுதியில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லம் திறக்கப்பெற்றது. டாஸ்மா வேண்டிய சாளரமும் அங்கே அமைந்தது. அது திறக்க ஏறத்தாழ 19 ஆண்டுகள் சென்றன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். மருத்துவம், போதனை, ஆராய்ச்சி மூன்றும் அங்கே ஒருங்கே நடந்தன. 1969 முதல் அங்கிருந்து செவிலியர் நோயாளரின் வீடுகளுக்கே சென்று தொண்டாற்றினர்.

அவ்வழி நம் நாட்டையும் எட்டியது. 1986 இல் பம்பாயிலும், 1993 இல் கோழிக்கோட்டிலும் இத்தொண்டு நிறுவனங்கள் தோன்றின. ஆனால் முறைப்படி அபின் பயிரிடும் இந்நாட்டிலேயே நம் நோயாளர்க்கு மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. போதைப்பொருளைத் தடுக்க 1985 இல் இயற்றிய சட்டத்தின் கடுமை, மருந்துக்கும் தடையாயிற்று. 2014 இல் அச்சட்டம் திருத்தப்பெற்றது. எனினும் சட்டம் வழிவிட்டால் மட்டும் போதாது. மருந்தை அளவறிந்து கொடுக்கப் பயின்ற மருத்துவரும் செவிலியரும் வேண்டும்.

சாண்டர்ஸ் அம்மையாரையும் இறுதியிற் புற்றுநோய் பற்றியது. 2005 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 87 ஆம் வயதில், தாம் நிறுவிய அதே இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். நோயை அவரால் வெல்ல முடியவில்லை. நோயாளியைத் தனிமையில் துடிக்க விடும் வழக்கத்தையோ அவர் மாற்றிக் காட்டினார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பிறர் கைவிட்ட இடத்திலும் செய்யத்தக்கது உண்டு. அதனைத் தேடிக் கற்பதே கருணை. உங்களுள் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் வரப்போகிறவர்கள் இதனை மறவாதிருப்பீர்களாக.